சுண்டைக்காயும் சுமைகூலியும்: நோயுற்ற விலங்குக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று பெரியம்மா சொன்னபோது, முன்னங்கால் ஒடிந்த இரண்டு மாத வெள்ளாட்டுக் குட்டி அவர் மடியில் கிடந்தது. ராசிபுரம் பக்கத்துக் கிராமம். பைக்கில் போன யாரோ இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டார்கள். நகரத்தில் இருக்கும் என் தம்பி தொலைபேசியில் அழைத்து, எலும்புக்குத் தகடு வைத்து அறுவைச் சிகிச்சை செய்யலாம், விசாரித்துவிட்டேன், 15,000 ரூபாய் ஆகும் என்றான். அந்தக் குட்டியை நல்ல காலோடு சந்தைக்குக் கொண்டுபோனாலே 3,000 ரூபாய்க்கு மேல் கேட்க ஆளில்லை.

கால்நடை மருத்துவமனைக்கு வெளியே நிற்கும் எல்லாருடைய மனத்திலும் ஓடும் கணக்கு இதுதான். விலங்கின் விலை ஒரு தட்டில், வைத்தியத்தின் விலை மறு தட்டில். எது கனக்கிறதோ அதன்படி முடிவு. பார்க்க நேர்மையான தராசு மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அதில் ஒரு கோளாறு இருக்கிறது.

நாம் பணம் கொடுப்பது விலங்கை வாங்குவதற்கு அல்ல. விலங்கு ஏற்கெனவே நம்மிடம்தான் இருக்கிறது. வைத்தியம் செய்தால் என்ன நடக்கும், செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்ற இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தைத்தான் பணம் கொடுத்து வாங்குகிறோம். செய்தாலும் செய்யாவிட்டாலும் முடிவு ஒன்றுதான் என்றால் நூறு ரூபாயும் வீண். வித்தியாசம் பெரிது என்றால் பல ஆயிரமும் மலிவு. இந்த ஒரு கருத்து பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் அதன் கிளைகள்.

கறவை மாட்டில் இது தெளிவாகத் தெரியும், ஏனென்றால் அங்கே எல்லாவற்றுக்கும் விலை இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எல்லாம் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. மாடு நலமாக இருந்தால் 50,000 ரூபாய் பெறும். நோயோடு தரகரிடம் தள்ளினால் 10,000. ஆக, குணமாவதால் கிடைக்கும் ஆதாயம் 40,000. வைத்தியச் செலவு 6,000. இப்போது மருத்துவரிடம் ஒரு கேள்வி: இதே நோய் வந்த பத்து மாடுகளில், மருந்து கொடுத்தால் எத்தனை பிழைக்கும், கொடுக்காவிட்டால் எத்தனை பிழைக்கும்? கொடுத்தால் எட்டு, கொடுக்காவிட்டால் மூன்று என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஐந்து மாடு கூடுதலாகப் பிழைக்கிறது. அதாவது பாதி. 40,000-இல் பாதி 20,000. அதற்கு 6,000 செலவழிப்பது நல்ல வியாபாரம். கொடுத்தால் நான்கு, கொடுக்காவிட்டால் மூன்று என்றால்? வித்தியாசம் பத்தில் ஒன்று. 40,000-இல் பத்தில் ஒரு பங்கு 4,000 மட்டுமே. அதே மாடு, அதே 6,000 ரூபாய் மருந்து, ஆனால் முடிவு தலைகீழ்.

மருத்துவர்கள் இப்படிக் கறாராக எண் சொல்லத் தயங்குவார்கள், தயங்குவது நியாயமும்கூட. "பெரும்பாலும்", "பாதிக்குப் பாதி", "ரொம்பக் கஷ்டம்" என்ற அளவில் பதில் வந்தாலே போதும். இந்தக் கணக்குக்குத் தராசு வேண்டும், தங்க எடைத் தராசு வேண்டாம்.

வித்தியாசம் பெரிதாக இருப்பதற்கு நான் அறிந்த நல்ல உதாரணம் பால் சுரம். கன்று ஈன்ற ஓரிரு நாளில், நன்றாகப் பால் கறக்கும் மாடு திடீரென்று எழுந்திருக்க மாட்டாமல் படுத்துவிடும். கழுத்தை விலாப் பக்கம் மடக்கி வைத்துக்கொள்ளும். பெயரில்தான் சுரம் இருக்கிறதே தவிர, உடம்பு தொட்டால் சில்லென்று இருக்கும். பால் சுரப்புக்காகச் சுண்ணாம்புச் சத்து இரத்தத்திலிருந்து வேகமாக இறங்கிவிடுவதுதான் காரணம். மருத்துவர் வந்து கால்சியத்தை நரம்பில் மெதுவாக ஏற்றினால், பல மாடுகள் சில மணி நேரத்தில் எழுந்து நின்றுவிடுகின்றன. விட்டுவிட்டால் பெரும்பாலும் சாவுதான். ஒரு பாட்டில் மருந்துக்கும் ஒரு மாட்டுக்கும் உள்ள வித்தியாசம் அது. செலவை மிச்சம் பிடிக்கத் தாங்களே ஊசி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வேகமாக ஏற்றினால் மாட்டின் இதயமே நின்றுவிடும்.

மாட்டுக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத செலவுகளும் உண்டு. மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் போட்டால், மருந்து உடம்பைவிட்டு வெளியேறும்வரை சில நாள் பாலை ஊற்ற முடியாது, கீழேதான் கொட்ட வேண்டும். கூலி வேலைக்குப் போக முடியாத நாள், வண்டி வாடகை, இராப்பகலாகப் பார்த்துக்கொள்ளும் ஆளின் உழைப்பு எல்லாம் மருந்துச் சீட்டில் வராது. அதனால்தான் நோய் தொடங்கும்போதே கைவைப்பது மலிவாக முடிகிறது. மடிநோயின் தொடக்கத்தில் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து மடியில் பலமுறை பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தாரே பரப்பியிருக்கிறார்கள். வீட்டு வைத்தியம் என்று முகம் சுளிக்க வேண்டியதில்லை. ஆனால் மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலில் கிடக்கும்போது அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பது சிக்கனம் ஆகாது.

பெரியம்மாவின் குட்டிக்குத் திரும்புகிறேன். தகடு வைப்பதா, கசாப்புக் கடையா என்று இரண்டே வழிதான் இருப்பதாக வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஊர்க் கால்நடை மருந்தக மருத்துவர் மூன்றாவது வழியைக் காட்டினார். காலைத் தடவிப் பார்த்துவிட்டு, "தோல் கிழியவில்லை, முட்டிக்குக் கீழேதான் ஒடிந்திருக்கிறது. குட்டி எலும்பு, சேர்ந்துவிடும் அம்மா" என்று சொல்லி, மூங்கில் பத்தை வைத்துப் பஞ்சு சுற்றிக் கட்டுப் போட்டுவிட்டார். ஒரு மாதம் குட்டியைத் துள்ளவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடாக இருந்தது. கால் கூடிவிட்டது. இலேசாகச் சாய்ந்து நடக்கும். தகடு வைத்திருந்தால் ஒருவேளை நேராக நடந்திருக்கும். அந்த ஒருவேளைக்கு விலை 15,000.

இதில் கவனிக்க வேண்டியது, வைத்தியம் என்பது ஆம், இல்லை என்ற இரண்டு கதவு அல்ல, படிக்கட்டு. உச்சிப் படியில் நவீன வசதி எல்லாம் இருக்கும். நடுவில் பல படிகள் இருக்கும். ஒவ்வொரு படி ஏறும்போதும் செலவு ஏறுகிறது. பலனும் ஏறுகிறது, ஆனால் ஒரே சீராக அல்ல. கீழ்ப் படிகளில் கொஞ்சம் பணத்துக்கு நிறைய பலன் கிடைக்கும். மேலே போகப்போக நிறைய பணத்துக்குக் கொஞ்சம் பலன்.

இதற்கு நாய்க்குட்டிகளின் பார்வோ நோயில் ஒரு நல்ல சான்று இருக்கிறது. தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் இரத்தக் கழிச்சலும் கண்டு, நீர் வற்றி இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடக்கூடிய நோய் அது. வைத்தியம் இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதில்லை. மருத்துவமனையில் பல நாள் சேர்த்து, இரவும் பகலும் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிக் கவனிப்பதுதான் உச்சிப் படி. அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் அதற்குக் கீழே ஒரு படியைச் சோதித்துப் பார்த்தார்கள். முதலில் நீர்ச்சத்தை நரம்பு வழியாக ஈடுகட்டிவிட்டு, பிறகு தோலுக்கடியில் நீர் ஏற்றுவது, நெடுநேரம் வேலை செய்யும் ஆன்டிபயாடிக் ஊசி, வாந்தியை நிறுத்தும் ஊசி என்று, வீட்டில் வைத்தே செய்யக்கூடிய எளிய முறை அது. 2017-இல் வெளியான முடிவின்படி, மருத்துவமனையில் சேர்த்த 20 குட்டிகளில் 18 பிழைத்தன; எளிய முறையில் பார்த்த 20-இல் 16 பிழைத்தன. சிறிய ஆய்வுதான். இருந்தாலும் அது சொல்வதைப் பாருங்கள்: ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் நடுப் படிக்கும் உள்ள தூரம் மலையளவு, நடுப் படிக்கும் உச்சிக்கும் உள்ள தூரம் ஒரு திண்ணை உயரம். பணம் இருக்கிறவர் உச்சிக்குப் போகட்டும், தவறே இல்லை. பணம் இல்லாதவர் குட்டியைக் கோணிப்பையில் போட்டுத் தெருமுனையில் விட்டுவிட வேண்டியதில்லை.

அதனால் மருத்துவர் ஒரு தொகை சொன்னதும் "அவ்வளவு முடியாது" என்று எழுந்துவிடாதீர்கள். "என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது, இதற்குள் செய்யக்கூடிய சிறந்தது என்ன?" என்று கேளுங்கள். இதைக் கேட்க நம்மில் பலருக்குக் கூச்சம். புடவைக் கடையில் வராத கூச்சம் மருத்துவமனையில் வருகிறது. நல்ல மருத்துவர் இந்தக் கேள்வியை வரவேற்பார். "உங்கள் குழந்தையாக இருந்தால் இப்படிக் கேட்பீர்களா?" என்று திருப்பிக் கேட்பவரிடம் எனக்கு மரியாதை இல்லை, அது மருத்துவ ஆலோசனை அல்ல.

பரிசோதனைகளுக்கும் இதே அளவுகோல்தான். ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ எழுதித் தந்தால், "முடிவு எப்படி வந்தால் என்ன செய்வோம்?" என்று கேட்கலாம். முடிவைப் பொறுத்து மருந்து மாறும் என்றால் பரிசோதனைக்குக் கொடுக்கும் பணம் உருப்படியானது. எந்த முடிவு வந்தாலும் ஒரே மருந்துதான், அல்லது அறுவை செய்ய நமக்கு வசதியே இல்லை என்றால், அந்தப் பணத்தை மருந்துக்கு வைத்துக்கொள்ளலாம். நோயின் பெயர் தெரிந்தால் மனம் ஆறும் என்பதும் உண்மைதான். ஆறுதலுக்குத்தான் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்தால் சரி.

இனி வீட்டு விலங்குகள். பெரியம்மா அந்தச் சாய்ந்த நடைக் குட்டியை இன்றுவரை விற்கவில்லை. இரண்டு முறை வியாபாரி வந்து கேட்டும் "அது இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அந்த இடத்தில் சந்தை விலை செத்துப்போகிறது. தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்க்கும் பூனைக்கும் சந்தையில் விலை பூஜ்யம். ஆனாலும் அவற்றுக்காகக் கம்மல் அடகுக்குப் போகிறது. இங்கே வித்தியாசத்தை ரூபாயில் அளக்க முடியாது. நான் அளப்பது நாட்களில்: வலி இல்லாமல், விருப்பமாகச் சாப்பிட்டு, வாசலில் வெயில் காயும் நாட்கள். இந்தச் செலவு அப்படிப்பட்ட நாட்களை எத்தனை கூட்டும்?

எங்கள் நாய் கறுப்பி இதை எனக்கு இரண்டு முறை கற்றுக்கொடுத்தாள், இரண்டு முறையும் என் தவறு வழியாக. அவளுக்குக் கருத்தடை செய்யாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். எட்டு வயதில், பருவம் முடிந்த சில வாரங்களில், குடம் குடமாகத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள், சோற்றைத் தொடவில்லை. கருப்பையில் சீழ். ஸ்வீடனில் காப்பீட்டுப் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, கருத்தடை செய்யாத பெண் நாய்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பத்து வயதுக்குள் இந்நோய் வந்திருந்தது. கறுப்பிக்கு அப்போது செய்ய வேண்டியிருந்ததும், கருத்தடைக்குச் செய்வதுபோல் கருப்பையை எடுக்கும் அதே அறுவைதான். ஆனால் நலமான இளம் நாய்க்குச் செய்வதை, காய்ச்சலில் துவண்ட நாய்க்கு நள்ளிரவில் செய்தார்கள். செலவு பல மடங்கு. ஆனாலும் அந்தப் பணத்துக்காக நான் ஒரு நாளும் வருந்தியதில்லை. செய்யாவிட்டால் சாவு, செய்தால் பல ஆண்டு. அவள் இன்னும் ஐந்து ஆண்டு இருந்தாள்.

பதின்மூன்று வயதில் சிறுநீரகம் பழுதானது. ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். முதல் மூன்று நாள் நீர் ஏற்றியது சரிதான். சில நாய்கள் அதில் தேறிவிடும். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனையில் எண்கள் இறங்கவில்லை, ஏறியிருந்தன. அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். "இவ்வளவு செலவழித்துவிட்டோம், இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்றேன். போன பணம் போனதுதான். அடுத்த ரூபாய் என்ன வாங்கும் என்பது மட்டுமே கேள்வி என்று பிறருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். இரண்டு நாள் ஆறு நாளாகி, கூண்டுக்குள், ஊசி ஏறிய காலோடு, வீட்டு மணமே இல்லாத இடத்தில் அவள் போனாள். அந்த ஆறு நாள் செலவு அவளுக்காகச் செய்ததல்ல, எனக்காகச் செய்தது.

அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் ஒரு அளவுகோலை வகுத்தார். கறுப்பியின் கடைசி நாட்களில் அது என் கையில் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். மொத்தம் 70-இல் 35-க்கு மேல் இருந்தால் தொடர்ந்து பராமரிக்கலாம் என்பது அவர் கணக்கு. தினமும் ஒரே நேரத்தில், வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டுப் பார்த்தால், கண்ணீர் மறைப்பதை எண் காட்டிக்கொடுக்கும். தேறாது என்று தெரிந்தபின் மயக்க மருந்தைக் கூடுதலாகச் செலுத்தி வலியில்லாமல் முடித்துவைப்பதும் வைத்தியப் படிகளில் ஒன்றுதான். நம் ஊரில் அதைப் பாவம் என்று நினைப்பவர்கள் அதிகம். அவர்களோடு வாதிட மாட்டேன். வலிமருந்தாவது கொடுங்கள் என்று மட்டும் கேட்பேன். பெரிய சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுப்பது வேறு, துடிக்க விடுவது வேறு. கைவிட்டுவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

சிக்கனம் என்று நினைத்து ஆபத்தில் விழும் இடம் ஒன்று உண்டு: நம் மாத்திரையை அவற்றுக்குக் கொடுப்பது. பூனையின் ஈரலால் பாராசிட்டமாலைச் செரித்து வெளியேற்ற முடியாது. ஒரே ஒரு மாத்திரை கொல்லும். கணக்கே போடக்கூடாத இடமும் ஒன்று உண்டு. வெறிநோய்க் குறி தெரியும் விலங்குக்கு வைத்தியம் என்பதே இல்லை. அங்கே யோசிக்க வேண்டியது கடிபட்ட மனிதர்களைப் பற்றித்தான், உடனே.

செலவைக் குறைக்கும் வழிகள் பலருக்குத் தெரியாமலே இருக்கின்றன. கோமாரித் தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வருகிறது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 முதல் இருக்கிறது. அதுபோன்ற கல்லூரி மருத்துவமனைகளில் காத்திருப்பு நீளம், கட்டணம் குறைவு. நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, நான்கு மாதம் ஆகும்வரை இடைவெளிவிட்டுப் போடும் தடுப்பூசிகளின் மொத்தச் செலவு, பார்வோ வந்தால் ஆகும் செலவுக்குக் கிட்டவே வராது. காப்பீட்டைப் பற்றி ஒரு வரி: மாட்டுக் காப்பீடு பெரும்பாலும் சாவுக்குத்தான் ஈடு, வைத்தியத்துக்கு அல்ல, காதில் அடையாள வில்லை இல்லாவிட்டால் அதுவும் இல்லை. நாய்க் காப்பீட்டில் ஏற்கெனவே உள்ள நோய் சேராது. ஆகவே நலமாக இருக்கும்போது எடுத்தால்தான் உண்டு.

உச்சவரம்பையும் அப்படித்தான், நலமாக இருக்கும்போதே முடிவுசெய்ய வேண்டும். இரவு பதினொரு மணிக்கு, நாய் மேசைமேல் கிடக்க, மருத்துவர் கையெழுத்துக்குத் தாளை நீட்டும் நேரத்தில் யாராலும் கணக்குப் போட முடியாது. கறுப்பிக்குப் பிறகு வந்த நாய்க்காக நாங்கள் அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். அதில் இரண்டு எண்கள். முதல் எண், யாரையும் கேட்காமல் உடனே செலவழிக்கக்கூடியது. அதற்காக மாதாமாதம் ஒரு தொகை தனியாகப் போகிறது. இரண்டாவது, கடன் வாங்காமல், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தில் கைவைக்காமல் போகக்கூடிய எல்லை. முதல் எண்ணைத் தாண்டினால் மூன்று பேரும் பேச வேண்டும், இரண்டாவதைத் தாண்டக்கூடாது. இரண்டாவது எண்ணில் எங்களுக்குள் இன்னும் ஒத்துவரவில்லை. என் மனைவி எழுதியதை மகள் அடித்துவிட்டு, மேலே வேறொன்று எழுதியிருக்கிறாள். அடுத்த தையில் நாய்க்கு ஏழு வயது ஆகிறது. அதற்குள் உட்கார்ந்து பேசியாக வேண்டும்.